ஸ்டியரிங்கின் எடை

மீன் நிறுக்கும் வில்தராசை என் வேனின் ஸ்டியரிங்கில் கட்டி இழுத்த அன்றுதான், எனக்குத் தலையில் ஏதோ கழன்றுவிட்டது என்று என் தம்பி முடிவு கட்டினான். அதற்கு முன்பே அவன் என்னைப் பற்றி வேறு பல முடிவுகளைக் கட்டியிருந்தான். இனி என்னால் வேன் ஓட்ட முடியாது என்பது அவற்றில் முதலாவது.

பாலையூற்றிலிருந்து துறைமுகப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் பதினொரு வருடமாகப் பிள்ளைகளை ஏற்றிப் போகிறவள் நான். வேன் என் பெயரில் இருக்கிறது. பழைய டீசல் வண்டி, பவர் ஸ்டியரிங் கிடையாது. கணவர் கத்தாரில் கிரேன் ஓட்டுகிறார். அக்கா தம்பிச் சண்டைக்குள் தலையை விடக்கூடாது என்ற ஞானம் அவருக்கு நிறைய உண்டு. "நீங்களே கதைச்சு முடியுங்கோ" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிடுவார்.

எல்லாம் சிக்குன்குனியாவில் தொடங்கியது. காய்ச்சல் ஐந்து நாளில் போனது. வலி மட்டும் இரண்டு மணிக்கட்டிலும் குடியேறிவிட்டது. தேங்காய்ப்பூப் பிழிய முடியாது, போத்தல் மூடி திறக்க முடியாது, பூசையில் சிலுவை அடையாளம் போடக் கையைத் தூக்கினாலும் நோகும். பக்கத்து வீட்டில் இருக்கும் தம்பி அப்போதுதான் வெளிநாட்டிலிருந்து திரும்பி வேலையில்லாமல் இருந்தான். "ரெண்டு கிழமைக்கு நான் ஓடுறன் அக்கா" என்றான். சாவியோடு சேர்த்துப் புட்டும் சம்பலும் கட்டிக் கொடுத்தேன், அவ்வளவு நன்றி எனக்கு. இரண்டு கிழமை நாலு மாதமானது. ஒரு நாள் வாசலில் நின்று, சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே சொன்னான்:

"நீங்க இனி வீட்டில இருந்து ஆறுங்கோ அக்கா."

"ஆற வைக்க நான் என்ன தேத்தண்ணியா?" என்று கேட்டேன். சிரித்தான். நான் சிரிக்கவில்லை. ஏழு மணிக்கு முன்னால் அந்த வேனின் இஞ்சின் ஒழுங்கையைத் தாண்டிப் போகும்போது குசினி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. என் கதிரையில் இன்னொருவன் இருக்கிறான். எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் மகனுடைய ஸ்டியரிங் ஒன்று இறுக்கிப் பூட்டியிருந்தது. கம்ப்யூட்டரில் கார்ப் பந்தயம் ஓடுவதற்கான சாமான், கீழே மூன்று மிதிகள், முன்னால் ஒரு திரை. அவன் பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது என்னிடம் ஒரே ஒரு வேண்டுகோள்தான் வைத்தான்: "அம்மா, தூசி மட்டும் தட்டுங்கோ. செட்டிங் ஒண்டையும் தொடாதீங்கோ." நாலு மாதம் தூசி மட்டும்தான் தட்டினேன். தம்பி என்னை ஆறச் சொன்ன அன்று பகல், பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு வேன் புறப்பட்டுப் போன சத்தம் அடங்கியதும், கதிரையை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தேன்.

எந்த நாடோ தெரியாது, மலைப்பாதை, ஓரமெல்லாம் பனி. எனக்கு ஒரு சின்னப் பழைய கார். மற்றக் கார்களெல்லாம் என்னைத் தாண்டிப் பறந்தன. பறக்கட்டும். முதலாவதாக வருவது என் நோக்கமில்லை. என் கைக்கு ஒரு வண்டியைப் பிடிக்க முடிகிறதா என்று மட்டும் நான் பார்க்க வேண்டும்.

அந்த ஸ்டியரிங்குக்குள் ஒரு மோட்டர் இருக்கிறது. வீதி கொடுக்கிற இழுவையையும் உதறலையும் அது கைக்குக் கொண்டுவரும். அதற்குத்தான் ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்று பெயர். அது எவ்வளவு பலமாக வர வேண்டும் என்று பூச்சியத்திலிருந்து நூறு வரைக்கும் நாமே வைக்கலாம். மகன் ஐம்பதில் வைத்திருந்தான். ஐம்பது எனக்கு எதற்கு? என் வேன் கனம், அப்படியானால் இதுவும் கனமாக இருக்க வேண்டும் என்று நூறில் வைத்தேன்.

முதல் வளைவிலேயே மேசை அரையடி நகர்ந்தது. இரண்டாவது வளைவில் பெருவிரலில் அடி விழுந்தது. மேசைக் காலுக்கு அரிசி மூட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பவும் ஓடினேன். விடுவேனா? மூன்று நாள் ஓடி, மணிக்கட்டு இரண்டும் பணியாரம் போல் வீங்கியதுதான் மிச்சம். அதைவிட மோசம், கை எதையும் உணரவில்லை. தார் வீதியிலும் கல்லுப் பாதையிலும் ஒரே கனம். டயர் வழுக்கப் போகிறது என்ற சேதி கைக்கு வருவதற்கு முன்பே கார் பள்ளத்தில் கிடந்தது.

வெட்கத்தை விட்டு மகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். முதலில் கொஞ்சம் கத்தினான். "தொட்டிட்டீங்க, என்ன?" என்றான். "தொட்டாச்சு. இனிச் சொல்லு" என்றேன்.

"அம்மா, அந்த மோட்டருக்கும் ஒரு அளவு இருக்கு. நூறில வைச்சா எந்த நேரமும் அது தன்ர முழுப் பலத்திலதான் நிக்கும். அதுக்குப் பிறகு சின்னக் குலுக்கலும் பெரிய குலுக்கலும் ஒரே மாதிரித்தான் கைக்கு வரும். குறைச்சுப் பாருங்கோ."

குறைப்பது எனக்குத் தோல்வி மாதிரி இருந்தது. ஆனாலும் முப்பத்தைந்துக்கு இறக்கினேன். சக்கரத்தை எந்த நேரமும் நடுவுக்கு இழுக்கிற ஸ்பிரிங் என்று ஒன்று இருந்தது. அதைப் பூச்சியமாக்கினேன், என் வேனில் அப்படி யாரும் இழுப்பதில்லை. திருப்புவதை மந்தமாக்கும் டாம்பிங்கை மட்டும் கொஞ்சம் விட்டுவைத்தேன், என் வேனும் கொஞ்சம் சோம்பேறிதான். பிறகு அதே மலை, அதே வளைவு. முன்டயர் வழுக்கத் தொடங்கும் முன்பே ஸ்டியரிங் கைக்குள் இலேசாகியது. கல்லுப் பாதை கல்லாகவே கைக்கு வந்தது. நான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். கனம் வேறு, சேதி வேறு. பதினொரு வருடம் வேன் ஓட்டியவள் இதை மேசையில் பூட்டிய ஒரு சாமானிடம் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

அதன்பிறகு தினமும் பகலில் ஒரு மணித்தியாலம் ஓடினேன். கிழமைக்கு இரண்டு இரண்டாகக் கூட்டினேன். தம்பி ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா பனியில கார் ஓடுறா" என்று ஊரெல்லாம் சொன்னான். சொல்லட்டும் என்று விட்டேன். என்னை அரித்த கேள்வி வேறு. எத்தனையில் நின்றால் என் வேனுக்குச் சரி? எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரியாமல் எதைக் கூட்டுவது?

விடை மோட்டார் சைக்கிளில் வந்தது. குறிஞ்சாக்கேணியிலிருந்து எங்கள் ஒழுங்கைக்கு மீன் கொண்டுவரும் முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், வில்தராசின் கொழுக்கியில் ஒரு பாரை மீனைத் தொங்கவிட்டு எடை காட்டும் முள்ளைக் காட்டினார். மீனை மறந்து தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நானா, இந்தத் தராசை ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச நேரம் தருவீங்களா?"

"என்னத்த நிறுக்கப் போறீங்க அக்கா?"

"ஸ்டியரிங்கை."

அந்த மனிதர் ஏன் என்று கேட்கவில்லை. தராசோடு தானும் வந்து நின்றார். தம்பியிடம் சாவியைக் கேட்டு வாங்கி, வீட்டுக்கு முன்னால் இருக்கும் வெறுங்காணியில் வேனை விட்டேன். ஸ்டியரிங் விளிம்பில் கயிறு, கயிற்றில் தராசு, அதை இழுக்க நானா. வேன் நிற்கும்போது இழுத்தார். முள் ஏழு கிலோவைத் தாண்டிய பிறகுதான் ஸ்டியரிங் அசைந்தது. பிறகு முதல் கியரில் கிளச்சை விட்டேன். வேன் தானாக ஊர்ந்தது. திரும்ப இழுத்தார்.

"மூண்டுக்குக் கொஞ்சம் குறைவு" என்றார். "முந்தநாள் நீங்க வாங்கின பாரைதான்."

ஊர்ந்தால் மூன்று, நின்றால் ஏழு. ஓடுகிற வேனைத் திருப்ப ஒரு பாரையின் எடை போதும். வேலியில் சாய்ந்து நின்று பார்த்த தம்பி அன்றுதான் எனக்குக் கழன்றுவிட்டது என்று முடிவு கட்டியது. நான் தராசை வீட்டுக்குள் கொண்டுபோய் மகனின் ஸ்டியரிங்கிலும் கட்டினேன். ஒரே வளைவில், ஒரே வேகத்தில், எண்ணைக் கூட்டிக் கூட்டி இழுத்துப் பார்த்தேன். எழுபத்தைந்தில் முள் அந்தப் பாரையின் இடத்துக்கு வந்தது. நான் அப்போது நிற்பது நாற்பத்தொன்றில். இன்னும் முப்பத்துநாலு ஏற வேண்டும். எட்டிப் பிடிக்கக்கூடிய எண்தான் என்று தோன்றியது, மனம் துள்ளியது. அந்தச் சந்தோசத்தில் கிழமைக்கு மூன்று மூன்றாகவே கூட்டினேன். நோகிற நாளில் கூட்டவில்லை, ஆனால் இறக்கவும் இல்லை.

எழுபத்தைந்தை ஒரு மணித்தியாலம் வலியில்லாமல் பிடித்த அன்று பின்னேரமே தம்பியிடம் போய்ச் சாவியைக் கேட்டேன். புதன்கிழமை புதுத் தவணை, அதற்கு நாலு நாள் இருந்தது.

"நானும் நீங்களும் முடிவெடுக்கிற விசயமில்லை" என்றான். "பிள்ளைகளின்ர தாய் தகப்பன் முடிவெடுக்கட்டும்."

அதில் பிழை சொல்ல முடியாது. அடுத்த நாள் பின்னேரம் ஏழெட்டுப் பெற்றோர் எங்கள் முற்றத்தில் கூடினார்கள். தம்பி எல்லாம் யோசித்து வைத்திருந்தான். நிறுத்தியிருந்த வேனில் ஏறி, ஸ்டியரிங்கை ஒரு அந்தத்திலிருந்து மறு அந்தம் வரை திருகிக் காட்டினான். சில்லுகள் மணலை அரைத்துக்கொண்டு திரும்பின. கையில் நரம்பு புடைத்தது. இறங்கிச் சாவியை என்னிடம் நீட்டினான்.

"இதைச் செய்யுங்கோ அக்கா. செய்தா நான் விடுறன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏழு கிலோ. என் கைக்கு அது வராது என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"ஏலாது" என்றேன். "ஏலத் தேவையும் இல்லை. வேன் ஓடத் தெரிஞ்சவள் நிண்ட இடத்தில வைச்சுத் திருப்ப மாட்டாள். யாராவது ஒரு ஆள் ஏறுங்கோ. நீயும் ஏறு."

இரட்டைப் பிள்ளைகளின் தாய் ஒருவர்தான் ஏறினார். அவருக்கு என்மேல் நம்பிக்கை என்று நினைக்க வேண்டாம், பயத்தோடுதான் ஏறினார். இரண்டு பிள்ளைகளை என்னோடு அனுப்புகிறவர் பயப்படாமல் என்ன செய்வார்? தம்பி என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். கிளச்சை விட்டேன். வேன் ஊரத் தொடங்கிய பிறகு திருப்பினேன். அந்தப் பாரையின் கனம் என் கையில் இருந்தது, அவ்வளவுதான். ஒழுங்கையைத் தாண்டி, ரயில் கடவையைத் தாண்டி, துறைமுகத்தின் தண்ணீர் தெரியும் வீதிக்கு வந்தோம். எங்கள் ஊரில் மாடுகளைப் போல் மான்களும் வீதியில் திரியும்; குப்பை மேய்ந்துகொண்டிருந்த ஒன்று வழமைபோல் பார்க்காமல் குறுக்கே வந்தது. விலகினேன். பின்னால் இருந்த தாய் "யேசுவே" என்றார், பிறகு பெருமூச்சு விட்டார்.

எனக்கு மானைப் பற்றி யோசனை இல்லை. விலகி நேராக்கும்போது கைக்குள் ஒன்று தட்டியது. மிகச் சின்னத் தட்டு, ஒரு இடைவெளி. அடுத்த வளைவிலும் அதே இடத்தில் தட்டியது. நான் விட்டுப் போன வேனில் அது இருக்கவில்லை.

ஓரத்தில் நிறுத்தினேன்.

"என்ன, கை நோகுதோ?" என்றான் தம்பி. குரலில் ஒரு சந்தோசம் இருந்தது.

"இறங்கு. இடதுபக்க முன்சில்லுக்குப் பின்னால கையை விடு. ஸ்டியரிங் கம்பி சில்லோட சேருற மூட்டைப் பிடி. பிடிச்சிட்டியா?"

அவன் குனிந்திருந்தான். நான் ஸ்டியரிங்கை இரண்டு விரலால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசைத்தேன். தளர்ந்த மூட்டு டக்கென்று ஆடியது எனக்கே கேட்டது. திரும்பவும் அசைத்தேன். நிமிர்ந்தபோது முகத்தில் இரத்தம் இல்லை. அந்தத் தாயும் இறங்கிப் போய்த் தானே கையை விட்டுப் பார்த்தார்.

"கழண்டு போச்சு எண்டா என்ன நடக்கும்?" என்று அவர் கேட்டார். அவனைப் பார்த்துத்தான் கேட்டார்.

"சில்லு தன்ர பாட்டில போகும்" என்றான் மெதுவாக. பிறகு என்னிடம், "எப்ப இருந்து அக்கா?"

"நீ நிண்ட இடத்தில வைச்சுத் திருகத் தொடங்கின நாளில இருந்து."

கடுமையாகத்தான் சொன்னேன். அவனும் பிள்ளைகளைப் பெற்றவன், அந்த வேனில் அவனுடைய மகளும் போகிறாள். ஆள் நடக்கிற வேகத்தில் கராஜ் வரை கொண்டுபோய் வேனை விட்டுவிட்டு மூவரும் முச்சக்கர வண்டியில் திரும்பினோம். ஒழுங்கை முகப்பில் இறங்கியதும் தம்பி சட்டைப் பையைத் துழாவி, என் வேனின் மற்றச் சாவியை எடுத்து என் கையில் வைத்தான். அப்படி ஒரு சாவி அவனிடம் இருந்தது எனக்கு அதுவரை தெரியாது.

அந்தத் தாய் தன் வீட்டுப் பக்கம் நாலடி நடந்துவிட்டுத் திரும்பினார்.

"புதன்கிழமை காலமை எத்தனை மணிக்கு அக்கா?"

"ஆறு ஐம்பதுக்கு" என்றேன். "பிந்தினா நான் நிக்க மாட்டன்."