மைக் செட்காரர் தேடிய தலைவர்

ஊரில் அவரை எல்லோரும் ‘ஹலோ’ என்றுதான் கூப்பிடுவார்கள். மைக் செட் வாடகைக்கு விடுபவர். எந்தக் கூட்டத்திலும் முதலில் கேட்பது அவர் குரல்தான்: “ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்.” அதற்கு மேல் மேடையில் ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாக் கட்சிக்கும் ஒயர் இழுத்திருக்கிறார். எந்தக் கட்சிக்கும் கை தட்டியதில்லை. “நமக்கெதுக்கு வம்பு? சத்தம் கேக்குதான்னு மட்டும் பாப்போம்” என்பதே அவருடைய அரசியல்.

அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டை மூடி, தொலைவிலுள்ள நகரத்துக்கு மாற்றும் உத்தரவு வந்ததும் அந்த அரசியலில் ஓட்டை விழுந்தது. அவருடைய மகள் நிறைமாதக் கர்ப்பிணி. மனைவி அந்த மருத்துவமனையிலேயே சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவள். வார்டு ஆயாக்களும் கர்ப்பிணிகளும் வாசலில் போய் உட்கார்ந்தார்கள். பிறகு பஸ் டிரைவர்கள் வந்தார்கள். தையல் கம்பெனிப் பெண்கள் வேலை முடிந்த கையோடு வந்தார்கள்.

“பின்னாடி இருக்கறவங்களுக்கு ஒண்ணுமே கேக்கலங்க. உங்க செட்டைக் கொண்டாந்து வையுங்க” என்றாள் மனைவி.

“யாரு கூப்பிடுறா?”

“நான்தான் கூப்பிடுறேன்.”

“அதில்ல. கூட்டத்தை நடத்துறது யாரு?”

“உக்காந்திருக்கறவங்கதான்.”

அவர் ஒயரைச் சுருட்டி எடுத்தார். செட்டைக் கொண்டுபோய் வைத்தார். ஆனால் மனம் ஒட்டவில்லை. யார் வந்தால் எல்லோரும் எழுந்து நிற்கிறார்களோ அவர்தான் தலைவர் என்பது அவர் கண்ட கணக்கு. இங்கே நாற்காலியே இல்லை. மறியல் செய்யலாம் என்றது ஒரு கூட்டம். ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டால் யார் பொறுப்பு என்றது இன்னொன்று. ஒலிபெருக்கியிலேயே சண்டை போட்டு, கடைசியில் மறியல் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர்தான் தலைவரோ என்று அவருக்குச் சந்தேகம் இருந்தது. மறுநாளே ஓர் ஆயா, “போதும் சார், அடுத்த ஆளுக்கும் கொஞ்சம் விடுங்க” என்று வாத்தியாரை உட்கார வைத்ததைப் பார்த்ததும் அந்தச் சந்தேகமும் போயிற்று. தலை இல்லாத உடம்பு எப்படி நடக்கிறது?

அதே கேள்விதான் போலீஸுக்கும். இன்ஸ்பெக்டர் அவரை ஓரமாக அழைத்துப்போனார்.

“எத்தனை கூட்டம் பாத்தவன் நீ. இதுக்குப் பின்னால யாரு இருக்கான்னு தெரியாமலா இருக்கும்?”

“சத்தியமா தெரியல சார்.”

உண்மையைத்தான் சொன்னார். ஆனால் அவர் காதுக்கே அது பொய் போலக் கேட்டது. அன்றிலிருந்து வீட்டு வாசலில் ஒரு வண்டி வேகம் குறைந்தால் போதும், சாப்பிடும் கை பாதியில் நின்றுவிடும்.

ஒரு காலையில் போலீஸ் வண்டிகள் வரிசையாக வந்து நின்றன. “மைக்கை நிறுத்து” என்றார் இன்ஸ்பெக்டர். மைக் செட்காரரின் கண் மனைவியைத் தேடியது. முன்வரிசையில் இருந்தாள். பக்கத்தில், வேண்டாம் என்று அத்தனை முறை சொல்லியும் கேட்காமல் வந்து, வயிற்றைப் பிடித்தபடி மகள். சுவிட்சை அணைத்தார். சத்தம் போனால் கூட்டம் கலைந்துவிடும். அது அவர் அனுபவம்.

பேசிக்கொண்டிருந்த ஆயா நிறுத்தவில்லை. “எங்க புள்ளைங்க ரோட்டுல பொறக்கக் கூடாது” என்றாள். முன்வரிசை அதைச் சேர்ந்து சொன்னது. நடுவில் இருந்தவர்கள் வாங்கி அடுத்தவர்களுக்குச் சொன்னார்கள். தெருக்கோடிவரை அந்த வாக்கியம் போய்ச் சேர்ந்தது. அவர் கையில் ஒயரோடு தெருக்கோடியை எட்டிப் பார்த்தார்.

“இதை யாரு சொல்லிக் குடுத்தது? செட்டை இங்க கொண்டாரச் சொன்னது யாரு?” இன்ஸ்பெக்டர் கத்தினார்.

மனைவி எழப்போவது தெரிந்தது.

“நான்தான் சார். என் செட்டு, நானே கொண்டாந்தேன்.” குரல் கீச்சென்று வந்தது.

ஆம்ப்ளிஃபயரோடு அவரையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு ஒரே நினைப்பு: இந்த நேரம் பார்த்து மகளுக்கு வலி எடுத்தால்? மதியத்துக்குமேல் வெளியே இரைச்சல் கேட்டது. கூட்டம் அப்படியே எழுந்து வந்து ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்தது.

“உனக்காகவா இத்தனை பேரு? நீ என்ன, பெரிய தலைவரா?” என்றார் ஏட்டு.

“ஐயோ, இல்லீங்க! நான் வெறும் மைக் செட்டு.”

பொழுது சாயும்போது அவரை மட்டும் விட்டார்கள். ஆம்ப்ளிஃபயரை வழக்குக்கென்று வைத்துக்கொண்டார்கள். வாசலில் மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பயந்துட்டீங்களாப்பா?”

“அந்தப் பயம் இன்னும் போகலம்மா.”

உத்தரவு ரத்தாகவில்லை, மறு அறிவிப்பு வரும்வரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த இடைவெளியில் அதே வார்டில் அவருக்கு ஒரு பேத்தி பிறந்தாள். வழக்கு நடக்கிறது. கூட்டமும் நடக்கிறது. செட் இல்லாததால், முன்னால் பேசுவதை வாங்கிப் பின்னால் சொல்ல அவர் நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறார். முதல் நாள் ஒரு வார்த்தையைத் தப்பாகக் கேட்டு அப்படியே பின்னால் அனுப்பிவிட்டார், தெருக்கோடியே சிரித்தது. இப்போது கவனமாகக் கேட்கிறார். இருந்தாலும் ஜீப் சத்தம் கேட்டால் கழுத்து தானாகத் திரும்பிவிடுகிறது. பக்கத்திலிருப்பவர் முழங்கையால் இடிக்கிறார்: “அண்ணே, உங்ககிட்டயே நிக்குது. பின்னாடி சொல்லுங்க.”