கணக்கு டீச்சர் நம்பாத காதல்

எழுபதுகளின் நடுவில் சின்னமனூரில் ஒரு பெண்கள் பள்ளியில் வரலாற்று ஆசிரியையாகச் சேர்ந்தேன். அங்கே ஆசிரியைகள் ஐந்து பேர் கூட்டாக மாத நாவல் வாங்குவோம். மாதம் பிறந்த முதல் வாரத்தில் பஸ் ஸ்டாண்டுக் கடையில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். தலைமையாசிரியை கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதற்காகப் பழைய அரையாண்டுத் தேர்வு வினாத்தாளை அதற்கு அட்டையாகப் போடுவோம். வெளியே எவையேனும் ஐந்தனுக்கு விடை தருக என்றிருக்கும். உள்ளே காதல்.

வயதுப்படிதான் முறை. நான் கடைசி. எனக்கு முன்னால் படிப்பவர் கணக்கு டீச்சர். போடியில் ஜவுளிக்கடை வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண், அப்போது இருபத்தொன்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. அவரும் நானும் தேரடிப் பக்கம் ஒரு மாடி அறையில் சேர்ந்து குடியிருந்தோம். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா பென்சில் இல்லாமல் நாவலைத் தொடமாட்டார். என் கைக்குப் புத்தகம் வரும்போது ஓரங்களில் எல்லாம் அவருடைய பொடி எழுத்து இருக்கும். 'பூ வாசம் வந்தது சரி, ஆள் எப்படிப்பட்டவன் என்று எங்கே இருக்கிறது?' ஒரு நாவலில் கதாநாயகி கதாநாயகனை ஒன்பதாம் பக்கத்தில் பார்க்கிறாள், பத்தாம் பக்கத்தில் அவனுக்காக உயிரையே கொடுக்கத் தயாராகிவிடுகிறாள். அந்த இடத்தில் அக்கா எழுதியிருந்தது: 'நடுவில் ஸ்டெப் இல்லை. மார்க் கிடையாது.'

மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதைப் பற்றிப் பெரிய வாதமே நடக்கும். தமிழ் டீச்சர் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். அவர் நாவல்காரர்கள் கட்சி. ஒருநாள் அவர் சாப்பாட்டுத் தூக்கை மூடிக்கொண்டே சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"பொண்ணு பாக்க வாராக. ஒரு தட்டு கேசரி திங்கிற நேரம். அதுக்குள்ள ஆயுசுக்கும் முடிவு பண்ணிட்டுப் போறாக. அத ஊரே நம்புது. புஸ்தகத்துல எழுதுனா மட்டும் நம்ப மாட்டீகளாக்கும்."

அக்கா விடவில்லை. கேசரி தின்ன வருவதற்கு முன்னாலேயே நாலு ஊரில் விசாரித்துவிட்டுத்தானே வருகிறார்கள், அதுதான் ஸ்டெப் என்றார். எனக்கு இரண்டு பேர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. நான் கதையைக் கதையாகப் படிக்கிறவள். கண்ணும் கண்ணும் சந்தித்தால் எனக்குப் போதும்.

அந்த வருடம் திராட்சைக் குலை வெட்டு நடந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை. நானும் அக்காவும் கம்பத்தில் ஒரு ஆசிரியை வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு மத்தியானம் பஸ்ஸில் திரும்பினோம். நல்ல கூட்டம். கூரையெல்லாம் பழக்கூடை. எங்களுக்கு எதிர் சீட்டில் எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்த ஒரு பெண், மடியில் இரண்டு வயதுக் குழந்தை. அவளுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், முப்பது வயதுக்குள் இருக்கும். மலைப்பாதையில் வந்த கிறக்கமோ என்னவோ, பஸ் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் குழந்தை அந்த வெள்ளைச் சட்டை மேல் வாந்தி எடுத்துவிட்டது.

தாய்க்காரி பதறிப்போய் முந்தானையால் துடைக்க வந்தாள். அவர் வேண்டாம் என்று தடுத்து, நீ முதலில் முகத்தைக் கழுவு, உனக்கும் மயக்கமா இருக்கிற மாதிரி தெரியுது என்று சொல்லிக் குழந்தையைத் தான் வாங்கிக்கொண்டார். அவள் ஜன்னல் வழியே கை நீட்டித் தண்ணீர் ஊற்றி முகம் கழுவி, அப்படியே கம்பியில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். குழந்தை அவர் தோளில் தூங்கிப்போனது. புதுப்பட்டியில் பஸ் நின்றது. கண்டக்டர் அவரைத் தெரிந்தவர் போலிருக்கிறது, உங்கள் ஊர் வந்துவிட்டதே, இறங்கவில்லையா என்று கேட்டார்.

"பிள்ளை இப்பத்தான் கண்ணசந்துச்சு. நான் அடுத்த பஸ்ஸுக்குத் திரும்பிக்கிடுறேன், விடுங்க" என்றார் அவர்.

அப்படியே அந்த நனைந்த சட்டையோடு சின்னமனூர் வரை வந்து, தாய் விழித்ததும் குழந்தையைக் கொடுத்துவிட்டு இறங்கி எதிர்ப்பக்கம் போய் நின்றார். இவ்வளவும் என் கண்முன்னேதான் நடந்தது. நல்ல மனுஷன் என்று நினைத்தேன். அதைவிட அதிகமாக என் பட்டுச்சேலையில் தெறித்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் உப்புமாவுக்கு வெங்காயம் நறுக்கும்போது அக்கா, கல்யாணம் என்று ஒன்று செய்தால் அந்த பஸ்ஸில் வந்தவர் மாதிரி ஒருத்தரைத்தான் செய்ய வேண்டும் என்றார். நானும் ஆமாம் என்றேன். புதன்கிழமை சாயங்காலம் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "மாதிரியில்லடி. அவுகளேதான்" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. முகம் ஜுரம் வந்தவர் போல இருந்தது. ஐந்து நாளாக வேறு எதையும் நினைக்க முடியவில்லை, கரும்பலகையில் இரண்டு தடவை தப்பாகப் போட்டுவிட்டேன் என்றார். நீங்கள்தானே ஸ்டெப் இல்லை என்று எழுதுவீர்கள் என்று கேட்டதற்கு, யோசித்துப் பதில் சொன்னார். நாவலில் அவள் பார்ப்பது மூக்கையும் மீசையையும். நான் பார்த்தது வேறே. ஒரு ஆளைப் பற்றி நாலு ஊரில் விசாரித்தாலும் தெரியாதது நாற்பது நிமிஷத்தில் என் முன்னால் நடந்தது. ஸ்டெப் எல்லாம் அதிலேயே இருந்தது என்றார்.

இதற்குப் பிறகு அவர் செய்த காரியத்தைத்தான் நான் இன்றுவரை வியந்துகொண்டிருக்கிறேன். நாங்கள் படித்த நாவல்களில் இந்த இடத்தில் கதாநாயகி ஜன்னலோரம் உட்காருவாள். எதிர்பாராத சந்திப்பு ஒன்று நடக்கும். அக்கா அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போய் ஆராதனை முடிந்து வந்து, என்னையும் கூட்டிக்கொண்டு புதுப்பட்டிக்கு பஸ் ஏறினார். பள்ளிக்கூடத்துக்குப் பழம் வாங்க வந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம் என நான் யோசனை சொன்னேன். பொய்யில் ஆரம்பிக்க வேண்டாம் என்றுவிட்டார்.

அன்றைக்கு அவரிடம் பேசிய கண்டக்டரிடமே அக்கா முந்தின நாள் விசாரித்து வைத்திருந்ததால் தோட்டத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. திராட்சைப் பந்தலுக்குக் கீழே மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து அடித்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் நீலம். இரண்டு டீச்சர்கள் வந்து நிற்பதைப் பார்த்து, யாரோ கணக்கெடுக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, அவருடைய அம்மாவைக் கூப்பிட்டார். அந்த அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா மோரைக் குடித்து முடித்து, செம்பைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார்.

"நேத்து இல்ல, அதுக்கு முந்தின சனிக்கிழமை பஸ்ல ஒரு பிள்ளையத் தூக்கிட்டு வந்தீகளே, அந்த பஸ்ல நானும் இருந்தேன்."

"எந்தப் பிள்ளை?" என்றார் அவர்.

அவருக்கு ஞாபகமே இல்லை. அம்மாதான், சட்டையில் நாற்றத்தோடு வந்து நின்றாயே அன்றைக்கா என்று எடுத்துக்கொடுத்தார். எதிர் சீட்டில் இருந்த அக்காவை அவர் பார்த்ததாகவே நினைவில்லை. என்னையும்தான். அக்கா முகம் ஒரு நொடி வாடியது. ஆனாலும் வந்த விஷயத்தை விடவில்லை. உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றார். நான் இன்ன ஊர், இன்ன வேலை, நாங்கள் கிறிஸ்தவர்கள், உங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் வந்தேன் என்று, பெற்ற தாயை வைத்துக்கொண்டே, வகுப்பில் பாடம் சொல்கிற குரலில் சொல்லி முடித்தார்.

அவர் நீலக் கையை வேட்டியில் துடைத்துத் துடைத்து வேட்டியையும் நீலமாக்கிவிட்டு, "எனக்கு உங்களத் தெரியாதே டீச்சர்" என்றார்.

"தெரிஞ்சுக்கிடுங்க. அவசரம் ஒண்ணுமில்ல. சின்னமனூர்லதான் இருக்கேன்."

தெரிந்துகொள்ளவே பதினான்கு மாதம் ஆயிற்று. அவர் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவர், நிதானமான ஆள். வாரத்துக்கு ஒருமுறை சின்னமனூருக்கு வேலையாக வரும்போது பஸ் ஸ்டாண்டு காபி கடையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவார்கள். அடுத்த மேஜையில் காவலுக்கு நான். என்ன பேசினார்கள் என்று நினைக்கிறீர்கள்? கொடிக்குச் சாம்பல் நோய் வந்தது, பத்தாம் வகுப்பில் ஒரு பெண் படிப்பை நிறுத்தப் போகிறாள், அவள் அப்பாவை எப்படிப் பேசி வழிக்குக் கொண்டுவருவது, இப்படித்தான். ஊர் பேசத் தொடங்கியது. தலைமையாசிரியை அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார். அக்கா ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். புதுப்பட்டிக்காரர் கடைசிவரை பதில் சொல்லவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். நான் பார்த்தது பொய்யாகிவிடாது, எனக்குக் கிடைக்கவில்லை என்று ஆகும், அவ்வளவுதான் என்பார். இரண்டு தடவை அழுததையும் பார்த்திருக்கிறேன்.

பதினைந்தாவது மாதம் ஒருநாள் அவர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். வேர்த்து விறுவிறுத்து வந்தவர் உட்காரவே இல்லை.

"உத்தமபாளையம் தாண்டி பஸ் பஞ்சர். நீங்க எந்திருச்சுப் போயிருவீகளோன்னு பாதி வழி ஓடியாந்தேன். ஓடும்போதுதான் எனக்கே தெரிஞ்சது."

அக்கா எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

புதுப்பட்டியில் அவருடைய அம்மா எதிர்ப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் அந்த அம்மாவுக்கு அக்காவை முதல் நாளே பிடித்துவிட்டது. நிலத்தைப் பார்க்கவில்லை, நகையைப் பார்க்கவில்லை, நான் வளர்த்த வளர்ப்பைப் பார்த்து ஒருத்தி பஸ் ஏறி வந்தாள் என்று சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொன்னாராம். மாப்பிள்ளை வேறு மதம் என்று போடியில்தான் கதவைச் சாத்திவிட்டார்கள். அக்காவின் அப்பா கடைசிவரை புதுப்பட்டி வீட்டுப் படி ஏறவில்லை. தம்பி மட்டும் கிறிஸ்துமஸுக்கு யாருக்கும் தெரியாமல் துணி கொடுத்தனுப்புவான். உத்தமபாளையம் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் தமிழ் டீச்சரும் நானும்.

அதன்பின் எனக்கும் கல்யாணமாகித் தேனிக்கு வந்தேன். என்னைப் பெண் பார்த்தபோது நான் மாப்பிள்ளையின் கால் கட்டைவிரலைத் தவிர ஒன்றையும் பார்க்கவில்லை. பிடித்துப்போக நாலைந்து வருடம் ஆயிற்று, அது வேறு கதை. மாத நாவல் படிப்பதை மட்டும் விடவில்லை. எண்பதுகளில் நாவல்கள் பெருகின. கண்டதும் காதல் இல்லாத நாவலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கேலி செய்கிறவர்கள் செய்தார்கள். நான் செய்வதில்லை. அந்த எழுத்தாளர்கள் மாதம் தவறாமல் எழுதிக் கொடுத்த கதைகளில், பத்துக்கு ஒன்றிலாவது கதாநாயகி உண்மையிலேயே எதையோ பார்த்திருப்பாள். அவன் ஹோட்டலில் தண்ணீர் வைக்க வந்தவரிடம் பேசும் விதம், தோற்ற ஆட்டத்துக்குப் பின் எதிராளியின் பந்தைத் தேடிக் கொடுப்பது, இப்படி ஏதாவது ஒன்று. அந்தப் பக்கம் வந்ததும் எனக்கு நம்பிக்கை வந்துவிடும். மின்னல் வெட்டியது, காற்று வீசியது என்று மட்டும் இருந்தால் வராது. எழுதுகிறவர் தன் பாத்திரத்துக்குப் பார்க்க ஏதாவது கொடுக்க வேண்டும். அக்கா கேட்டதும் அதைத்தான்.

ஒருமுறை திராட்சை வெட்டு சமயத்தில் பிள்ளைகளோடு புதுப்பட்டிக்குப் போயிருந்தேன். அக்காவுக்கு இரண்டு பெண்கள். உத்தமபாளையத்துக்கு மாற்றல் வாங்கி வந்துவிட்டிருந்தார். பந்தலுக்கடியில் உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருந்தபோது, கண்டதும் காதலை நீங்கள் நம்புகிறீர்களா என்று அக்கா வீட்டுக்காரரிடம் விளையாட்டாகக் கேட்டேன். கூடைக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தவர் கை நிற்காமலே பதில் சொன்னார்.

"எனக்கு அப்படி வரலையே டீச்சர். ஒரு வருசம் தள்ளித்தான் வந்துச்சு. ஆனா இவுகளுக்கு வந்தது பொய்யின்னு நான் எப்படிச் சொல்ல? அதுக்குள்ளதான நான் குடியிருக்கேன்."

அக்கா காது கேட்காதது போலக் குலையில் அழுகல் பழத்தைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். காது மடல் மட்டும் சிவந்திருந்தது. அந்த நேரம் பார்த்து கரண்ட் வந்தது. வீட்டுக்காரர் மோட்டார் போட ஓடினார். சின்னப் பெண் அவர் பின்னாலேயே ஓடினாள். அக்கா கத்தரியை என் கையில் கொடுத்து, மீதிக் குலையை நீ பார் என்று சொல்லிவிட்டு, வாய்க்காலில் மடை திறக்கப் போனார்.