சிவப்புப் பொட்டு இல்லாத டின்

இதை எழுதுவதற்கென்று ஆறு வருஷத்தில் மூன்று கொப்பி வாங்கினேன். முதல் கொப்பியில் மகள் கணக்குப் போட்டு முடித்தாள். இரண்டாவதில் என் மனைவி மரணாதாரச் சங்கக் கூட்டத்துக்கு வந்தவர்களின் பேரை எழுதினாள். மூன்றாவது பெட்டியடியில் கிடந்து கரையான் தின்றது. எட்டாம் வகுப்போடு நின்றவன் எனக்கு எங்கே எழுத வரும் என்று சொல்லிச் சொல்லித் தள்ளிப்போட்டேன். அது பொய். பயந்துதான் எழுதவில்லை. என் சகலையின் நல்ல பேர் என்னால் கெட்டது. அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. மாதாவை மனதில் வைத்துக்கொண்டு இந்த நாலாவது கொப்பியில் எழுதுகிறேன்.

என் மனைவியின் அக்காவைக் கட்டியவர்தான் சகலை. எங்கள் லயத்து வீட்டு வரிசையில் கடைசி அறையான தொங்கல் காம்பரா அவருடையது. நாங்கள் மூன்று வாசல் தள்ளி. இருவரும் ஒரே மலையில் றப்பர் பால் வெட்டினோம், ஒரே மாதா கோயிலில் பூசை பார்த்தோம். என்னைவிட அவருக்கு மேலாக ஒன்றும் இல்லை. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒரு வருஷம் மழை விடாமல் அடித்து, லயத்துக்குப் பின்னால் மண் பிளந்துவிட்டது. எல்லோரையும் கீழ் டிவிஷன் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். சரிந்த மலை பாதியில் நின்றுவிட்டது. எங்கள் லயத்தில் ஒரு உயிரும் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்தபோது குடும்பத்துக்கு ஒரு நிவாரணப் பை கொடுத்தார்கள். அரிசி, பருப்பு, சீனி, டின் பால், வெளிநாட்டு எழுத்துப் போட்ட மீன் டின் மூன்று. கடைக்காரர்கள் வாங்கி விற்றுவிடக் கூடாதென்று ஒவ்வொரு டின்னின் அடியிலும் சிவப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்திருந்தார்கள். அந்தப் பொட்டை ஞாபகத்தில் வையுங்கள், பிறகு வரும்.

நாங்கள் மூன்று டின்னையும் மூன்று நாளில் தின்று தீர்த்தோம். சகலை ஒன்றையும் உடைக்கவில்லை. திரும்பி வந்ததும் சோகேசில் கண்ணாடிக் கிளாசுகளை எடுத்துவிட்டு டின்களை வரிசையாக வைத்தார்.

"என்னா சகல, மீனுக்கு வீடு கட்டிக் குடுத்திருக்கீங்க?" என்று கேட்டேன்.

"மாதா நம்மள காப்பாத்துனதுக்கு இதுதான் சாட்சி. வருஷத்துக்கு ஒன்னு ஒடப்பம். எல்லாரும் ஒரு வாய் திம்பம்" என்றார்.

நான் சிரித்தேன். அடுத்த வருஷம் அதே மாதத்தில், ஞாயிறு பூசை முடிந்து, அவர் வாசல் இஸ்தோப்பில் செபமாலை சொல்லி முதல் டின்னை உடைத்தார். வெங்காயம், பச்சைமிளகாய், தேசிக்காய் போட்டுப் பிசைந்து, உள்ளங்கையில் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தார்கள். லயத்தில் பாதிப்பேர் அம்மன் கோயில்காரர்கள். அவர்களும் வந்து கை நீட்டினார்கள். அதற்கடுத்த வருஷம் பக்கத்துத் தோட்டத்திலிருந்தும் வந்தார்கள். அவர்கள் வீட்டில் கிடந்த பழைய டின்களையும் கொண்டுவந்து அவரிடமே கொடுத்தார்கள். இரத்தினபுரிப் பக்கம் வெள்ளம் வந்தபோது கொடுத்த பிஸ்கட், முந்திய மழைக்குக் கிடைத்த டின் பால், எங்கள் மண் வெடித்த மழைக்கே கொடுத்து மிஞ்சிய டின். சோகேசில் இடம் போதாமல் சுவரில் பலகைத் தட்டு அடித்தார். தெரணியகலை பஜாரிலிருந்து ஒரு சிங்கள மாஸ்டர் வந்து போனில் படம் பிடித்துக்கொண்டு போனார். ஃபாதர் பிரசங்கத்தில் அவரைப் பற்றிச் சொன்னார். பேர் சொல்லாமல்தான் சொன்னார், ஆனாலும் கோயில் முழுக்கத் திரும்பி அவரைப் பார்த்தது. பக்கத்திலே உட்கார்ந்திருந்த என்னை யாரும் பார்க்கவில்லை.

அந்தச் சாமான் எப்படி இருந்தது என்றும் சொல்ல வேண்டும். மீன்முள் வெண்கட்டி மாதிரி உதிர்ந்தது. கொஞ்சம் இரும்பு வாசம் அடித்தது. ஒரு டின் பால் உள்ளே தொதல் அல்வா நிறத்துக்கு இறுகிப்போய் இருந்தது, பிள்ளைகள் விரலை விட்டுச் சப்பினார்கள். எல்லாம் ருசியாக இருந்தது. நாறியிருக்கக் கூடாதா என்று எனக்கு வயிறு எரிந்தது.

என் மனைவி அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். வெங்காயம் வெட்டிக்கொண்டே பாட்டுப் பாடுவாள். எங்கள் குசினியில் அவள் பாடி நான் கேட்டதில்லை.

"அவர் அப்பிடி என்னா பெருசா செஞ்சிட்டாரு? எனக்கும் அதே பைதானே குடுத்தாங்க" என்றேன் ஒரு நாள்.

"குடுத்தாங்கதான். நீங்கதான் மூனாம் நாளே, நாலாவது டின் எங்கடின்னு கேட்டீங்க."

அவள் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "தங்கச்சி, ஒங்க வீட்டு சாட்சி வயித்துக்குள்ள இருக்கு!" இது லயம் முழுக்கப் பரவியது. றப்பர் பால் கொட்டுகிற இடத்தில்கூட, "சாட்சி சொகமா இருக்கா?" என்று என் வயிற்றைப் பார்த்துக் கேட்டார்கள். அதைச் சிரித்துக்கொண்டு விட்டிருக்க வேண்டியவன் நான். விடவில்லை.

நாலாம் வருஷம், அந்த ஞாயிறுக்கு மூன்று வாரம் இருக்கும்போது புளத்கொகுபிட்டியவுக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு கடையின் பின்பக்கம் விற்காத சாமானைப் பெட்டியில் போட்டு வைப்பதை முன்பே பார்த்திருந்தேன். மீன் டின் ஐந்தாறு கிடந்தது. அதில் ஒன்று மேலும் கீழும் தடித்து, பார்க்கவே பெரிதாக இருந்தது. மற்றதைவிட இதில் மீன் நிறைய இருக்கிறது என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

முதலாளி பார்த்துவிட்டு, "ஓக கன்ன எப்பா" என்றார். அதைத் தின்னாதே என்று.

"பல்லாட்ட" என்றேன். நாய்க்கு என்று.

சும்மாவே கொடுத்துவிட்டார். திகதி முடிந்ததற்காகச் சொல்கிறார், சகலை வீட்டு டின்னெல்லாம் திகதி முடிந்ததுதானே என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். டின்னில் ஒட்டியிருந்த கடதாசியை நனைத்து உரித்தேன். உப்புத்தண்ணீர் பூசி, கோழிக்கூட்டுக்குக் கீழே சாக்கில் சுற்றி வைத்தேன். மூன்று வாரத்தில் நல்ல துரு. சிவப்புப் பொட்டு ஞாபகத்துக்கு வரவே இல்லை.

அந்த ஞாயிறு, செபமாலை முடிந்ததும் எழுந்து நின்று சொன்னேன்.

"என்கிட்டயும் ஒரு டின் இருந்திச்சு. அதே மழைக்கு குடுத்ததுதான். ஒருத்தருக்கும் சொல்லாம மாதாவுக்குன்னு ஒளிச்சு வச்சிருந்தேன்."

செபமாலை கையில் இருக்கும்போதே சொன்னேன்.

என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. கல்யாணத்தன்று கோயிலில்கூட அவள் என்னை அப்படிப் பார்க்கவில்லை. சகலை எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "சகல, இன்னைக்கு ஒங்க டின்னையும் சேத்து ஒடப்பம்" என்றார். அவர் முகத்தில் கொஞ்சமாவது கறுப்புத் தட்டுகிறதா என்று பார்த்தேன். இல்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

டின்னை நானே குசினிக்குக் கொண்டுபோய் உடைத்தேன். கத்தி குத்தியதும் உஸ்ஸென்று மூச்சு விட்டு, சட்டையில் தெறித்தது. வாசம் சரியில்லை. அப்போதே சாக்கடையில் கொட்டியிருக்கலாம். வெளியே அத்தனை பேர் காத்திருந்தார்கள். சகலை உடைத்த டின்னோடு சேர்த்து ஒரே பேசினில் போட்டு, தேசிக்காய் இரண்டு கூடப் பிழிந்தேன்.

செபம் சொன்ன சாப்பாட்டை எங்கள் ஆட்கள் துப்ப மாட்டார்கள். புளித்தது, எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு கிழவர் முகத்தைச் சுளித்தார், நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு விழுங்கினார். அம்மன் கோயில்காரர்களும் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்றார்கள். என் மனைவி மறுபடியும் கை நீட்டினாள். "எங்க வீட்டு டின்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டே நீட்டினாள். நான் வைத்தேன். என் பங்கை நான் கைலேஞ்சித் துணியில் மறைத்துக்கொண்டேன்.

வெயில் சாய்வதற்குள் வாந்தி தொடங்கியது. மூன்று த்ரீவீலில் ஒன்பது பேரைத் தெரணியகலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மாதா கிருபை, ஒருவரும் சாகவில்லை. என் மனைவிக்குத்தான் அதிகம். நாலு நாள் சேலைன் ஏற்றினார்கள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் முழந்தாளில் இருந்து மன்றாடினேன். உண்மையாகத்தான் மன்றாடினேன். ஆனால் மன்றாட்டில்கூட டின்னைப் பற்றி வாய் திறக்கவில்லை.

சுகாதாரப் பரிசோதகர் லயத்துக்கு வந்தார். நல்ல மனிதர், தமிழும் கொஞ்சம் பேசினார். "ரெண்டு டின்னும் எங்க இருந்து வந்தது?" என்று கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அதே நிவாரணத்துல வந்ததுதான் சேர்" என்றேன்.

அந்த ஒரு சொல்லில் சோகேசில் இருந்த டின் எல்லாம் நஞ்சாகிவிட்டது. லயத்துக்குப் பின்னால் குழி வெட்டி, ஒவ்வொன்றையும் அலவாங்குக் கம்பியால் குத்திப் போட்டார்கள். சகலைதான் எடுத்துக் கொடுத்தார். "இது மண் வெடிச்ச மழை. இது இரத்தினபுரி வெள்ளம்" என்று மெதுவாகச் சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். சுற்றி நின்றவர்கள் சாவு வீட்டில் நிற்பதுபோல் நின்றார்கள். வெட்கத்தோடு எழுதுகிறேன், அந்த இடத்திலும் எனக்குப் பொறாமை வந்தது. எனக்கு எது போனாலும் இத்தனை பேர் இப்படி நிற்பார்களா என்று நினைத்தேன்.

எல்லோரும் போன பிறகு அவர் என்னைச் சாக்கடைப் பக்கம் கூப்பிட்டார். நான் உடைத்த வெறும் டின் அவர் கையில் இருந்தது. கவிழ்த்துக் காட்டினார்.

"சகல, பொட்டு இல்லியே."

நான் சாக்கடையைப் பார்த்தேன்.

"தங்கச்சி ஒங்கள நம்பி ரெண்டாந்தரம் வாங்கி தின்னுச்சு. அது காதுக்கு இது போகக்கூடாது. விடுங்க." டின்னையும் குழிக்குள் எறிந்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் அழுது முடித்திருப்பேன். திட்டவில்லை. இதிலும் அவர்தானா மேலே என்று ஆறு வருஷம் மனதுக்குள் புழுங்கினேன். பாவசங்கீர்த்தனத்தில், "பொறாமைப்பட்டேன் சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வருவேன். எந்த ஃபாதரும் எதன்மேல் என்று கேட்கவில்லை. கேட்காதது வசதியாகவும் இருந்தது.

போன மாதம் தெரணியகலை பஸ்ஸில் சகலையின் மகளும் நானும் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். முன் சீட்டில் தெரியாத இரண்டு பொம்பிளைகள்.

"அந்த லயத்துல ஒருத்தன் நிவாரண சாமான பதுக்கி வச்சிருந்தானாம்டி. நாறுன பிறகு சனத்துக்கு குடுத்தானாம்."

"அடப்பாவி! செத்தாங்களா?"

"மூனு பேராம்."

பிள்ளை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அப்பாவைத்தான் சொல்கிறார்கள் என்று அதற்குத் தெரியும். எத்தனை பஸ்ஸில் இதைக் கேட்டுப் பழகியதோ. இறங்கி, கடையில் இந்தக் கொப்பியை வாங்கிக்கொண்டுதான் லயத்துக்கு ஏறினேன்.

எழுதியதை முதலில் என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். கடைசிவரை கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாள்.

"வாசம் தெரிஞ்சிருச்சில்ல ஒங்களுக்கு. அப்ப நான் ரெண்டாந்தரம் கைய நீட்டுனப்போ ஏன் வச்சீங்க?"

அவள் சந்தோஷமாக இருந்தாள், அதனால் வைத்தேன். அவளிடம் இதைச் சொல்ல முடியவில்லை. இப்போது இரண்டு வாரமாக அக்கா வீட்டில் இருக்கிறாள். சகலை ஒரு தடவை வந்தார். "எழுதாமலே இருந்திருக்கலாம் சகல" என்றார். இந்தத் தடவை அவர் சொன்னதை நான் கேட்கவில்லை.

வாசிக்கிறவர்களிடம் கும்பிட்டுக் கேட்கிறேன். இதை யாருக்காவது சொன்னால் இருக்கிறபடியே சொல்லுங்கள். ஒருவரும் சாகவில்லை, ஒன்பது பேருக்கு வாந்தி, அவ்வளவுதான். சகலை எதையும் பதுக்கவில்லை, அவர் டின்னால் ஒருவருக்கும் நோய் வரவில்லை. பிசாசு என்னை ஏமாற்றியது என்று சேர்க்காதீர்கள், நான் என் காலாலேதான் பஸ் ஏறினேன். நான் திருந்திவிட்டேன் என்றும் எழுதாதீர்கள். இந்தக் கதையில் அவர் பேர் நல்லதாக வருவதை எழுதும்போதே எனக்கு உள்ளே குத்துகிறது. அதையும் விடாமல் சொல்லுங்கள். அந்த டின்னில் பொட்டு இல்லை. கொண்டுவந்தவன் நான்.