மேசையில் உப்புப் போடுவீர்களா?

இந்த நாட்டில் உப்பு இருக்கும் இடம் சாப்பாட்டு மேசை. நான் பஸ் ஓட்டும் டிப்போவின் கேன்டீனில் மேசைக்கு ஒரு உப்புக் குப்பி வைத்திருக்கிறார்கள். தட்டு வந்ததும், வாயில் வைத்துக்கூடப் பார்க்காமல், உடன் வேலை பார்ப்பவர்கள் அதைக் கவிழ்த்து உலுக்குகிறார்கள். இங்கிலாந்துக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகியும் எனக்கு அது வேடிக்கைதான். சமைத்தவளை நம்பாத சாப்பாடு! எங்கள் ஊரான குளத்தூரில் அம்மா பரிமாறிய சோற்றில் அப்பா மேலாக உப்புத் தூவியிருந்தால் அன்றைக்கு வீட்டில் பாத்திரம் பறந்திருக்கும்.

இந்த வேடிக்கைதான் என்னை வம்பில் மாட்டிவிட்டது. நாற்பத்தைந்து வயதானால் இங்கே பஸ் ஓட்டுகிறவர்கள் மருத்துவச் சான்று கொடுத்துத்தான் லைசென்ஸைப் புதுப்பிக்க முடியும். கிளினிக்கில் கரோலின் என்ற நர்ஸ் என் கையில் பட்டையைச் சுற்றி மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் உதட்டைப் பிதுக்கினார். பிரஷர் இந்த அளவில் நின்றால் பஸ் ஓட்டக் கூடாது, மாத்திரை போட்டுக்கொண்டு ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்றார். பிறகு கணினியைப் பார்த்துக் கேள்விகள் கேட்டார்.

“மேசையில் உப்புப் போட்டுக்கொள்வீர்களா?”

“ஒருநாளும் இல்லை” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

“குடும்பத்தில் வேறு யாருக்காவது பிரஷர்?”

“கிடையாது. என் அக்கா உப்பளத்தில் வேலை பார்க்கிறாள். உப்பிலேயே கிடக்கிறவள். அவளுக்கே கிடையாது.”

“அப்படியானால் இது ஜீன்தான். தெற்காசியர்கள் உடம்பு அப்படி” என்றார் அவர், நாளைக்கு மழை வரும் என்பதுபோல.

எனக்கு வந்த கோபத்தில் நாலாவது முறை அளந்திருந்தால் கருவி வெடித்திருக்கும். படிவத்தில் தெற்காசியர் என்ற அந்த ஒரே கட்டத்துக்குள் காஷ்மீர்க்காரரையும் கொழும்புக்காரரையும் என்னையும் சேர்த்து அடைத்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு முன்னால் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸில் நான் வேலை பார்த்தேன். வரிசையாக உட்கார்ந்து பெட்டியில் குச்சி அடைத்தவர்கள் ஆறு பேர். ஒருத்தி வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். இந்த ஆறு வீட்டுக்கும் இடையில் எத்தனையோ தலைமுறையாகப் பெண் கொடுத்ததும் கிடையாது, எடுத்ததும் கிடையாது. அத்தை மகன், மாமன் மகள் என்று அவரவர் இரத்தத்தை அவரவர் வீட்டுக்குள்ளேயே சுற்றவிட்டவர்கள் நாங்கள். அந்த ஒரு வரிசைக்கே ஆறு கட்டம் வேண்டும்.

வீட்டுக்கு வந்து தேடித் தேடிப் படித்தேன். ஜீன் பொய்யில்லை. சிலருடைய சிறுநீரகம் உப்பை எளிதில் வெளியே விடுவதில்லை. உப்பு தங்கினால் தண்ணீரும் தங்கும், பிரஷர் ஏறும். வேறு சிலர் அதே உப்பைத் தின்றுவிட்டுக் கல்லுப்போலத் திரிவார்கள். இது ஒரு ஜீனின் வேலை இல்லை, பல ஜீன்கள் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சமாகச் செய்வது. வெயில் நாட்டில் வேர்த்தே உப்பை இழந்த முன்னோர்களுக்கு அந்தப் பிடிமானம் உயிரைக் காத்திருக்கலாம் என்று சிலர் ஊகிக்கிறார்கள், முடிவாக யாரும் சொல்லவில்லை. இரண்டு வகை உடம்பும் எல்லா மக்களிடமும் உண்டு. ஓரிடத்தில் கூட, ஓரிடத்தில் குறைய, அவ்வளவுதான். தோலைப் பார்த்து உள்ளே இருப்பது எந்த வகை என்று சொல்ல எவராலும் முடியாது.

கரோலினின் முகத்துக்கு நேரே நீட்ட எனக்கு ஓர் எண் வேண்டியிருந்தது. அக்காவின் எண். ஞாயிற்றுக்கிழமை குளத்தூருக்குப் போன் போட்டேன்.

“யக்கா, ஆஸ்பத்திரிக்குப் போயி பிரஷர் பாத்து, அந்தச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு.”

“அதெல்லாம் எதுக்குட்டி?”

“ஒரு நர்சுகிட்ட காட்டணும். உப்புலயே கெடக்குதவளுக்கு ஒண்ணும் இல்லன்னு.”

அக்கா சொன்னாள். “ரெண்டு வருசத்துக்கு முன்னாலயே பாத்தாச்சு. ஊருக்கு வந்த நர்சம்மா, ரொம்பக் கூட இருக்குன்னு மாத்திரை தந்தாவ. டப்பாவுல அப்படியே கெடக்கு.”

“ஏன் போடல?”

“அதைப் போட்டா அடிக்கடி ஒண்ணுக்குப் போகணும்ட்டி. அளத்துல எங்கன போக? ஒரு செடி உண்டா, ஒரு மறைவு உண்டா? சுத்தி ஆம்பளையாளு நிக்காவ. அதுக்குப் பயந்து நாங்க தண்ணியே குடிக்கதில்ல. வேற மாத்திரையும் தந்து பாத்தாவ, கால் வீங்குது. வீங்குன காலோட உப்புத்தண்ணியில நிக்க ஏலுமா? சீக்குன்னு தெரிஞ்சா, வேலைக்கு ஆள் கூப்பிடுத கணக்கப்பிள்ளை நாளையிலேருந்து வராதன்னுருவாரு. அதான் ஒங்கிட்டயும் சொல்லல.”

எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு வருஷமாக வாராவாரம் “சாப்பிட்டியா” என்று கேட்டிருக்கிறேன், இதைக் கேட்கவில்லை. அவளை வைத்து வாதாடி ஜெயிக்கப் பார்த்தேன். சரி, ஜீன் இருக்கட்டும். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கும் இருந்தால் நான் மல்லுக்கு நிற்பதில் என்ன இருக்கிறது? ஆனால் இருட்டோடு எழுந்துபோய் உச்சிவெயில்வரை உப்பு வாருகிறவளைத் தண்ணீர் குடிக்கவிடாமல் வைத்திருப்பது எந்த ஜீன்? அதைக் கேட்க எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

அந்த வாரம் என் சமையலையும் கவனித்தேன். கம்மங்கஞ்சியில் அம்மா கை நிறைய உப்பள்ளிப் போடுவாள். “வேர்வையில போறதைச் சோத்துல போடணும்லா” என்பாள். கரிசல் காட்டில் நாள் முழுக்கக் களை எடுத்தவளுக்கு அது நியாயம். ஹீட்டர் போட்ட பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் நான், வேர்க்காத உடம்போடு, பதினெட்டு வருஷமாகக் குளத்தூர் வெயிலுக்குச் சமைத்துக்கொண்டிருந்தேன். சோற்றுக்கு, குழம்புக்கு, ஊறுகாய்க்கு என்று ஒரு வாரத்து உப்பை நிறுத்து ஒரு பையில் சேர்த்தேன். என் வீட்டுக்காரர் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது நமக்கா, மாட்டுக்கா?” என்றார்.

மறுமுறை போனபோது அந்தப் பையைக் கரோலினின் மேசையில் வைத்தேன். “எங்கள் வீட்டில் ஒரு வாரத்து உப்பு. இரண்டு பேருக்கு. அப்பளமும் கருவாடும் தனி.”

“உப்புப் போடுவதில்லை என்றீர்களே?”

“மேசையில் போடுவதில்லை என்றேன். பானையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை.”

அவர் முகம் சிவந்துவிட்டது. “என் அக்காவுக்கும் பிரஷர் உண்டு. அதையும் திருத்தி எழுதுங்கள்” என்றேன். என் கட்சிக்கு எதிரான வரிதான். இருந்தாலும் பொய்யில் நின்றுகொண்டு சண்டை போட எனக்கு வராது. உப்பைப் பாதியாகக் குறைத்தேன், மாத்திரையும் போட்டேன், எண் இறங்கியது. லைசென்ஸ் வந்துவிட்டது.

அளத்தில் ஒரு மறைப்பாவது கட்டித் தரச் சொல்லிக் கேள் என்று அக்காவிடம் சொன்னேன். “நீ அங்கன இருந்துக்கிட்டு லேசாச் சொல்லிருவ. கேக்கப்போறது நான்லா” என்றாள். ஆனால் அடுத்த மாதம் அவளே கூப்பிட்டாள்.

“கேட்டுட்டேன்ட்டி. நாங்க அஞ்சு பேரு போயி நின்னோம். நாங்களும் சோத்துல உப்புப் போட்டுத்தான திங்கோம்! எனக்குப் பிரஷர் இருக்குன்னும் சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“பாப்போம்னாரு. நாலு நாளு என்னைக் கூப்பிடல. அஞ்சாம் நாளு ஆள் பத்தலன்னு கூப்பிட்டாரு.”

மறைப்பு இன்னும் வரவில்லை. வேலை இல்லாத நாளில் மட்டும் அக்கா மாத்திரை போடுகிறாள். வருகிற லீவில் ஊருக்குப் போனதும், ஆறாவது ஆளாக நானும் அந்தக் கணக்கப்பிள்ளை முன்னால் போய் நிற்பேன்.

நான் தினமும் காலையில் மாத்திரை போட்டுவிட்டுத்தான் பஸ்ஸை எடுக்கிறேன். என் வழித்தடத்தின் கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர்களுக்கென்று ஒரு சின்னக் கழிப்பறை இருக்கிறது. யூனியன் சண்டை போட்டு வாங்கியது. ஆளுக்கொரு சாவி கொடுத்திருக்கிறார்கள். முதல் நடை முடித்து அந்தக் கதவைத் திறக்கும்போது குளத்தூரில் உச்சிவெயில். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடுகிறேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே இரத்தம், ஒரே சீக்கு. அதில் பாதி இங்கே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மீதிப் பாதி அங்கே வெட்டவெளியில், கால்களை நெருக்கிக்கொண்டு, அடக்கிக்கொண்டு நிற்கிறது.