என் கையில் மட்டும் மண் மணம்

பச்சோலி எண்ணெய் யார் கையில் எப்படி மணக்கும் என்று என்னைக் கேட்டால் ஒரு நாள் முழுக்கச் சொல்வேன். ஓர் இலையிலிருந்து எடுக்கிற வாசனை எண்ணெய் அது. தேன் நிறம், தேன் தடிப்பு. குப்பிக்குள் இருக்கும் வரை எல்லாருக்கும் ஒரே மணம்தான். தோலில் பட்டதும் ஆளுக்கொரு குணம் காட்டத் தொடங்கிவிடும். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. என் வீட்டுக்குள் இருந்துதான் படித்தேன். படித்ததால் ஒரு நன்மையும் கிடைக்கவில்லை.

அது எனக்கு வந்து சேர்ந்தது பாரிசில். கல்யாணமாகிப் புதிதாக அங்கே போயிருந்த காலம். ஓர் அறைதான் வீடு. அதற்குள்ளேயே அடுப்பு, அதற்குள்ளேயே கட்டில், கதவுக்குப் பின்னால் எங்கள் இரண்டு பேரின் குளிர்க் கோட்டுகள். மீன் பொரித்தால் கோட்டையும் சேர்த்துப் பொரித்த மாதிரித்தான். அதனால் அடுப்பு மூட்ட முதல் இரண்டையும் கறுப்புப் பைக்குள் போட்டுக் கட்டி, யன்னலுக்கு வெளியே தொங்கவிடுவோம். இன்றைக்கும் லண்டன் பிளேஸ்டோவில் என் வீட்டுக்கு யார் வந்தாலும், தாளிக்க முதல் கோட்டுகள் மாடி அறைக்குப் போய்விட வேண்டும். அது சட்டம். இவ்வளவு செய்தும், ரயிலில் பக்கத்தில் இருப்பவர் எழும்பி வேறு இடத்தில் போய் இருந்தால் நான் வெட்கத்தில் குறுகிப்போவேன்.

பக்கத்து அறையில் ஓர் அல்ஜீரியப் பெண் இருந்தாள். எனக்கு அவள் மொழி தெரியாது, அவளுக்கு என் மொழி தெரியாது. ஒரு நாள் என் கோட்டைக் காட்டினாள், தன் மூக்கைக் காட்டினாள், சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்து மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்தாள். அவள் கையில் அந்த எண்ணெய் பேரீச்சம்பழத்தைக் காய்ச்சிய பாணி மாதிரி இனித்தது. என் கையில் முதலில் ஒன்றும் இல்லை. கொஞ்சம் பொறுத்து மண் எழும்பியது. முதல் மழை விழுந்ததும் எழும்புமே, அந்த மண்.

என் கணவர் அப்போது ஓர் உணவகத்தில் எச்சில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து வந்து கதவடியில் நின்றார்.

"இஞ்சரும், வெளியிலை மழையே?"

"நீங்கள்தானே வெளியிலையிருந்து வாறியள். என்னைக் கேட்டால்?"

அறை முழுக்க மூக்கை நீட்டிக்கொண்டு திரிந்தார். கடைசியில் என் மணிக்கட்டில் வந்து நின்றார். அன்றிலிருந்து நான் எங்கே போய் வந்தாலும், கதவைத் திறந்ததும் அவர் சொல்வது ஒன்றுதான். "மழை வந்திட்டுது." லண்டனுக்கு வந்தோம், கடை போட்டோம், மகள் வளர்ந்தாள். அந்த வசனம் மட்டும் மாறவில்லை. கோபமாக இருக்கிற நாட்களிலும் சொல்வார். அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பும்.

எங்கள் வீட்டில் எல்லாரும் அதைப் பூசிப் பார்த்தவர்கள்தான். அவர் பூசினால் பூட்டிக் கிடந்த அலுமாரி மாதிரி இருக்கும். இல்ஃபோர்டில் இருக்கிற அவருடைய தங்கை பூசினால் கஷாயக் கடை. "காசைக் குடுத்துச் சேறு வாங்கிப் பூசுறியள் மச்சாள்" என்று அவள் சொல்ல, இவர் பேப்பரிலிருந்து தலை நிமிர்த்தாமல், "கழுதைக்குத் தெரியுமே கற்பூர வாசனை" என்றார். அவள் கன நாள் எங்களோடு கதைக்கவில்லை. மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எனக்குத் தெரியாமல் பூசிக்கொண்டு போனாள். அவள் கையில் அது பிஞ்சுக் காயை முறித்த பச்சை மணம். வகுப்பில் யாரோ, பழைய உடுப்புக் கடைக் கிழவி மணக்கிறாள் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சட்டி தேய்க்கிற கம்பியால் கையைத் தேய்த்தாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் குப்பியைத் தொடவே இல்லை.

அவருக்கு மறதி நோய் வந்தபோது முதலில் கடைப் பூட்டுத் திறப்பு வைத்த இடம் போனது. பிறகு கடைக்குப் போகிற வழி போனது. பிறகு ஆட்கள். என் முகம் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். மரியாதையாக எழும்பி நின்று, "நீங்கள் ஆர்?" என்றார். பொத்தான் மாறிப் பூட்டியிருந்த சேர்ட்டைச் சரிசெய்யக் கிட்டப் போனேன். என் கையைப் பிடித்து மூக்கில் வைத்தார்.

"ஓ, நீரே. மழை வந்திட்டுது."

அதற்குப் பிறகு எல்லாமே மணிக்கட்டிலிருந்துதான் தொடங்கும். முதலில் மணிக்கட்டு, பிறகுதான் குளிப்பு, சாப்பாடு, குளிசை. கவுன்சில் காலையில் ஒரு கானா நாட்டுப் பெண்ணை உதவிக்கு அனுப்பியது. தங்கமான பெண். அவளை அவர் கிட்டவும் எடுக்கவில்லை. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்று நினைத்து, அவள் கையிலும் ஒரு சொட்டுப் பூசிவிட்டேன். அவள் தோலில் அது சொக்லேட்டாக மாறியது. அவர் முகர்ந்தார், யோசித்தார்.

"நல்ல மணம். ஆனால் இது அவ இல்லை."

அவருடைய தங்கையும் வந்து எண்ணெய் பூசிப் பரிசோதனை செய்தாள். அவளும் நான் இல்லை என்று கண்டுபிடித்துவிட்டார். கிழமை தெரியாது, நாடு தெரியாது, தன் வயது தெரியாது. என் கை மட்டும் தெரியும். சொன்னால் என்ன, அந்தக் கெட்ட காலத்திலும் நான் தலை நிமிர்த்தித்தான் திரிந்தேன். பெண்சாதி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு திமிர் இருந்தது.

பட்ட காலிலே படும் என்பார்கள். என் நெஞ்சில் ஒரு கட்டி வந்தது. வெட்டினார்கள். பிறகு நரம்பில் மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். தலைமயிர் போகும் என்று மகள் பயந்து பயந்து சொன்னாள். "அப்பாவுக்கு என்ரை முகமே இல்லை. தலைமயிர் போனால் என்ன, இருந்தால் என்ன" என்றேன். உண்மையிலேயே எனக்குப் பயமில்லை. நான் நம்பியிருந்தது முகத்தை அல்ல.

மருந்து ஏற்றிய பிறகு சில நாட்கள் மகள் சட்டனில் இருக்கிற தன் வீட்டிலிருந்து வந்து அவரைப் பார்த்தாள். நான் மாடியில் கிடந்தேன். எழும்பக்கூடிய நாள் வந்ததும் குளித்து, எண்ணெய் பூசி, சூடு ஏறும் வரை பொறுத்திருந்து கீழே போனேன். அவர் என் கையை வாங்கி முகர்ந்தார். இன்னொரு தரம் முகர்ந்தார். பிறகு என் கையை மெதுவாகக் கதிரையின் கைப்பிடியில் வைத்தார்.

"அவ எங்கை போயிட்டா?" என்று என்னிடமே கேட்டார்.

குப்பி பழுதாகிவிட்டது என்று நினைத்தேன். நடந்து போகிற தூரத்தில் இருக்கிற அத்தர் கடைக்குப் போய், கலப்படம் செய்கிறாய் என்று அந்த மனிதனோடு சண்டை பிடித்தேன். கடைக்காரர் என் குப்பியிலிருந்து தன் கையில் ஒரு சொட்டு வைத்து நீட்டினார். நல்ல எண்ணெய், ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கு வந்து கானாப் பெண்ணிடம் என் கையை நீட்டி, உண்மையைச் சொல் என்றேன். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். சில்லறைக் காசைக் கன நேரம் பொத்தி வைத்திருந்த கை மாதிரி மணக்கிறதாம்.

சவர்க்காரத்தை மாற்றினேன். கடலை மாவால் தேய்த்துக் குளித்தேன். உள்ளியை விட்டேன், மீனை விட்டேன். எண்ணெயைக் காதுக்குப் பின்னால் வைத்தேன், கழுத்தில் வைத்தேன், சேலைத் தலைப்பில் வைத்தேன். அவர் ஒவ்வொரு தரமும் மரியாதையாக முகத்தைத் திருப்பினார். ஆஸ்பத்திரி நேர்ஸிடம் கேட்டேன். மருந்து முடிய மணம் திரும்பி வரலாம், வராமலும் விடலாம், எப்படிச் சொல்கிறது என்றாள். மருந்து முடிந்தது. தலைமயிர் சுருள் சுருளாக முளைத்தது. வந்தவர்கள் எல்லாரும், நல்லா வந்திட்டீர், வடிவாய் இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மண் மட்டும் வரவில்லை.

அவர் சாப்பாட்டை விட்டார். பட்டினி கிடக்க வேண்டும் என்று அல்ல, காத்திருந்தார். கரண்டியோடு நான் முன்னால் இருப்பேன்.

"அவ வரட்டும். வந்தாப் பிறகு சாப்பிடுறன்."

"நான்தான் வந்திருக்கிறன். பாருங்கோ, நான்தான்."

அவர் என்னை இரக்கமாகப் பார்ப்பார். "நேரம் போயிட்டுது. உங்களை வீட்டிலை தேடமாட்டினமே?"

ஒரு நாள் கோப்பையை நிலத்தில் அடித்துவிட்டு, குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். கடவுளைத் திட்டினேன், மருந்தைத் திட்டினேன், அவரையும் திட்டினேன். செத்துப்போனவளுக்காவது மாலை போட்டு ஒரு படம் மாட்டுவார்கள். நான் உயிரோடு, அவருக்கு முன்னால், கரண்டியோடு நின்றுகொண்டு காணாமல் போயிருந்தேன். இதற்கு யாரிடம் போய் முறையிடுகிறது? கட்டியை வெட்டி என்னைக் காப்பாற்றிவிட்டார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். யாருக்காகக் காப்பாற்றினார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

அவர் மெலிந்துகொண்டே போனார். கதிரைக்குள் சேர்ட்டு மட்டும் இருக்கிற மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்த டொக்டர், இப்படியே சாப்பிடாமல் போனால் கன நாள் தாங்காது என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை மதியம் மகள் வந்தாள். நான் குசினியில் கத்தரிக்காய்ப் பால்கறி வைத்துக்கொண்டிருந்தேன், பருப்புத் தாளிக்க இருந்தது. "கோட்டை மேலை கொண்டுபோய்ப் போடு" என்றேன், வழக்கம்போல. அவள் மாடி அறைக்குப் போனாள். அங்கேதான் கண்ணாடிக்கு முன்னால் என் எண்ணெய்க் குப்பி இருந்தது. கோட்டுப் போட்டுவிட்டு வர ஏன் இவ்வளவு நேரம் என்று நினைத்தேனே தவிர, வேறொன்றும் நினைக்கவில்லை.

சோற்றைப் போட்டுக்கொண்டு குசினி வாசலுக்கு வந்தேன். அவள் இறங்கி வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். அவர் யன்னலைப் பார்த்தபடி இருந்தார். மெல்ல மெல்ல அவருடைய தலை திரும்பியது. நின்ற இடத்தில் எனக்கும் வந்தது அந்த மணம். பள்ளிக்கூடக் காலத்துப் பச்சைக் காய் மணம் இல்லை. மண். என் மண். அவளுக்கும் நாற்பது தாண்டிவிட்டது, என் தோல் அவளில் வந்திருந்தது.

அவர் அவளுடைய கையை எடுத்து மூக்கில் வைத்தார். கண்ணை மூடினார்.

"இஞ்சரும். மழை வந்திட்டுது."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் இரத்தமே இல்லை. "அம்மா, ஜஸ்ட் ட்ரை பண்ணிப் பாத்தன். சொரி அம்மா" என்று மெதுவாகச் சொன்னாள்.

"எங்கை போயிட்டீர் இவ்வளவு நாளும்?" என்று அவர் அவளைக் கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன். சொல்லு.

"கடைக்குப் போயிட்டு வாறன்" என்றாள் அவள், என்னைப் போலவே.

சோற்றுக் கோப்பையை அவளிடம் கொடுத்தேன். குழைத்துக் கொடுத்தாள். வாயைத் திறந்தார். ஒவ்வொரு பிடியும் உள்ளே போவதை நான் வாசலில் நின்று பார்த்தேன். சந்தோசப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியும். சந்தோசமும் பட்டேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் அவளைப் பார்த்த பார்வை எனக்குரியது. அதை நான் பக்கத்திலிருந்து ஒருநாளும் பார்த்ததில்லை. அது இவ்வளவு வடிவானது என்று எனக்குத் தெரியாமல் இருந்தது.

பாதிச் சாப்பாட்டில் அவர் என்னைக் கண்டார். குரலைத் தாழ்த்தி மகளிடம் கேட்டார், ஆனால் எனக்குக் கேட்டது.

"ஆர் அந்த அம்மா? கன நேரமாய் நிக்கிறா. பாவம், இருக்கச் சொல்லும். சாப்பாடு குடும்."

"அப்பா, அது..." என்று அவள் தொடங்கினாள். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவள் அழுதுகொண்டே எழும்பிப் போய் இன்னொரு கோப்பையில் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். வந்தவர்களுக்கென்று போட்டிருக்கிற கதிரையில் நான் இருந்தேன். கத்தரிக்காய்க்கு உப்புக் காணாது. தாளிக்க மறந்துவிட்டேன்.

"வெக்கப்படாமல் போட்டுச் சாப்பிடுங்கோ" என்றார் அவர். "இவ நல்லாச் சமைப்பா."

"ஓம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன்.