‘கே’ என்பதற்கு என்ன தமிழ்?

ஆங்கிலப் பிரசங்கத்தை மேடையில் நின்று வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொல்லும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் இதை மைக் கிடைக்கிற வேலை என்று நினைக்கிறீர்கள். எனக்கு இது இரண்டு பக்கமும் முறைப்பு வாங்குகிற வேலை. எங்கள் காட்டுப்பாக்கம் சபையில் ஒரு ஞாயிறு வாங்கியதுபோல் என்றும் வாங்கியதில்லை.

எங்கள் பாடகர் குழுவில் கீபோர்டு வாசித்த டேனியல், தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்று வீட்டில் சொல்லிவிட்டான். சபை இரண்டாகப் பிளந்தது. அவனுக்குத் திருவிருந்து, அதாவது கர்த்தரின் பந்தியில் தரும் அப்பமும் திராட்சரசமும், கொடுக்கக் கூடாது என்று செயலாளர் சாலமன் பக்கம் பாதி, கொடுக்கத்தான் வேண்டும் என்று ஆயர் பக்கம் பாதி. டேனியல் அம்பத்தூரில் அறை எடுத்துப் போய்விட்டான்.

அவன் அம்மா எஸ்தர், பூந்தமல்லி மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருப்பவர், அவனோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். அந்த ஞாயிறு பேச வரவிருந்த வெளிநாட்டுப் பிரசங்கியார் என்ன சொல்கிறாரோ அதன்படி நடப்பேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆக, பாரம் முழுவதும் என் வாயில்.

ஆராதனைக்கு முன் சாலமன் என்னை ஓரம் கட்டினார். “அண்ணே, அவரு அந்த மேட்டர எடுத்தாருன்னா பாவம்னு அழுத்திச் சொல்லிடுங்க. வழவழா கொழகொழா வேணாம்.”

அவர் நகர்ந்ததும் ஆயர் வந்தார். “ஐயா, கொஞ்சம் அன்பா சொல்லுங்க. அந்தம்மா முன்னாடியே உக்காந்திருக்காங்க.”

பிரசங்கியார் அந்த மேட்டரைத்தான் எடுத்தார். ஆங்கிலத்தில் ‘கே’ (gay) என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எங்கள் சபையில் அதற்குப் புழங்கும் சொல் வசவு. ‘தன்பாலீர்ப்பாளர்’ என்ற பத்திரிகைச் சொல் எஸ்தருக்குப் புரியாது. “ஆணையே விரும்புகிற ஆண்கள்” என்றேன். சாலமன் முறைத்தார்.

“அவர்கள் திருமணத்தை நான் ஆசீர்வதிக்க மாட்டேன்” என்றார் பிரசங்கியார். எஸ்தரின் முகத்தைப் பார்த்தேன். இதை முழுங்கிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லிவிட்டேன். ஆயர் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஆனால் அவர்களைத் திருவிருந்திலிருந்து எழுப்பிவிட எனக்கு அதிகாரமில்லை. அது என் வீட்டு விருந்தல்ல” என்றார். அதையும் அப்படியே சொன்னேன். சாலமனும் இன்னும் சிலரும் எழுந்து வெளியே போனார்கள். நான் முடிவு வரைக்கும் நின்று சொன்னேன்.

முடிந்ததும் எஸ்தர் நேராக என்னிடம் வந்தார். “ஐயா, சத்தியமா சொல்லுங்க. கடைசியா சொன்னது அவரு சொன்னதா, இல்ல என்னைப் பாத்து பாவப்பட்டு நீங்களா சேத்துகினீங்களா?”

“ரெண்டையும் அவர்தாம்மா சொன்னாரு. நான் எதையும் சேக்கல, எதையும் விடல.”

எஸ்தர் அங்கேயே போனை எடுத்தார். “டேனி... ஊட்டுக்கு வா நைனா. துன்னியா?”

சபை இன்னும் சேரவில்லை. சாலமன் பக்கத்தார் தனியாகக் கூடுகிறார்கள். இரண்டு பக்கமும் என்னை இப்போது கூப்பிடுவதில்லை, அதில் எனக்கு வருத்தம்தான். ஆனாலும் ஒன்று சொல்கிறேன். இரக்கப்பட்டுக்கூட ஒரு வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். முதல் வாக்கியத்தை நான் முழுங்கியிருந்தால், இரண்டாவதை அந்த அம்மாவிடம் சத்தியம் செய்து கொடுக்க எனக்கு வாய் வந்திருக்காது.