வாயாடியின் குரல் நின்ற பிற்பகல்

என் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பெட்டிகளை வரைந்து அளவு போடுபவர் என் மனைவியின் தம்பி. வேலைக்காரர்கள் அவரை வாயாடி என்பார்கள். பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவருக்குத் தேநீர் ஆறிவிடும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட நான், ஒரு கத்தியும் பசை டப்பாவும் வைத்துக்கொண்டு இந்தத் தொழிலைத் தூக்கி நிறுத்தினேன். அந்தப் பெருமையில் தனக்கும் பாதி உண்டு என்பார் மச்சான். போனால் போகட்டும், கால்வாசி உண்டு.

ஒரு நாள் வரைந்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மூளையில் அடைப்பு. உயிர் தப்பியது. கண்ணும் இடது கன்னமும் தவிர வேறெதுவும் அசையவில்லை. நான் சும்மா இருப்பேனா? அலைந்து விசாரித்து, பேசும் கம்ப்யூட்டர் வாங்கிப்போட்டேன். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக மின்னும். வேண்டிய எழுத்து வரும்போது கன்னத்தால் ஒரு பொத்தானைத் தட்டுவார். சேர்ந்த சொல்லைக் கம்ப்யூட்டர் உரக்கச் சொல்லும். எழுத்து எவ்வளவு நேரம் நிற்கவேண்டும், எவ்வளவு அழுத்தினால் போதும் என்று அவர் கன்னத்துக்கு ஏற்றபடி சரிசெய்யவே மாதக்கணக்கானது. மறுபடி வாயாடியானார். "அத்தான், சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கீங்க" என்று எல்லார் முன்னாலும் மானத்தை வாங்குவார்.

அந்தக் கம்ப்யூட்டர் சென்ற மாதம் படுத்தது. திறக்கும், சற்று நேரத்தில் திரை நீலமாகி அணைந்துபோகும். பேசவைக்கும் புரோகிராமை விற்ற கம்பெனியோ எப்போதோ மூடியாயிற்று.

ரிப்பேர் பார்க்க வந்த அம்மா உதட்டைப் பிதுக்கினார். "விண்டோஸை மறுபடி போடணும் ஐயா. பென் டிரைவ்லேர்ந்து ஆரம்பிச்சா சிக்கலில்லாம முடியும். ஆனா புரோகிராம், செட்டிங் எல்லாம் துடைச்சிட்டுப் போயிடும்."

"நகல் எடுத்து வச்சுக்கோங்கம்மா."

"ஃபைல் இருக்கும், புரோகிராம் ஓடாது. எல்லாம் அப்படியே இருக்கணும்னா, கம்ப்யூட்டர் திறந்திருக்கும்போதே உள்ளேயிருந்து போடணும். நடுவுல நீலமாச்சுன்னா விண்டோஸும் போச்சு, புரோகிராமும் போச்சு."

எத்தனையோ முடிவுகளை நின்ற நிலையில் எடுத்தவன் நான். சொல்ல வாயெடுத்தேன்.

"நீங்க இருங்க ஐயா. பேசப்போறவரு அவரு." மச்சான் பக்கம் திரும்பினார். "உள்ளேயிருந்தே போடவா? சரின்னா கண்ணை மூடுங்க."

மூடினார். வெகுநேரம் திறக்கவில்லை.

கிடங்கு தீப்பிடித்தபோது உள்ளே புகுந்து இயந்திரத்தை இழுத்து வந்தவன் நான். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா வேலையைத் தொடங்க, எத்தனை சதவீதம் முடிந்தது என்று திரையில் எண் ஊர்ந்தது. மச்சானின் நெற்றியில் வியர்வை. துடைக்கவா, மின்விசிறியைக் கூட்டவா என்று நானாகக் கேட்டால் கண்ணை மூடுவார், அவராக எதையும் சொல்ல வழியில்லை. இனிமேல் எப்போதும் இப்படித்தானோ?

திடீரென்று திரை இருண்டது.

"போச்சு!" என்று கத்திவிட்டேன்.

"சும்மா இருங்க ஐயா, அது தானா அணைஞ்சுதான் திறக்கும்" என்றார் அந்த அம்மா. ஆனால் அவர் விரல்கள் மேசை விளிம்பை விடவில்லை.

ஒருவழியாகத் திறந்தது. புரோகிராம் இருந்தது. எழுத்துகள் அதே நிதானத்தில் மின்னின. மச்சானின் கன்னம் துடித்தது. எழுத்து நிற்காமல் தாண்டிப்போனது. மறுபடி துடித்தது. மறுபடியும் தாண்டியது. அவர் கண்ணில் நீர் கட்டியது.

அந்த அம்மா பொத்தானின் வயரை உருவி வேறு துளையில் செருகினார். எழுத்து நின்றது. ஒவ்வொன்றாகச் சேர்ந்து, ஏற்ற இறக்கமில்லாத அந்தக் குரல் சொன்னது:

"பயந்துட்டேன்." பிறகு, "நீங்களும்தான், அத்தான்."

நான் மறுத்தேன். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரை இன்றுவரை யாரையும் அணைக்க விடுவதில்லை.